சென்னையில் இண்டி படம், இண்டி பாட்டு, ராத்திரி உடுப்பு: குறை ரசனையிலா, வாசலிலா?

#1 பெரம்பூர்ப்_பறவை (இழையைத் தொடங்கியவர்)

போன சனிக்கிழமை ராத்திரி நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஓட்டலில் எங்களுக்குத் தெரிந்த குழுவின் இசை நிகழ்ச்சி. கூட வந்த நண்பன் செருப்புப் போட்டிருந்தான். நல்ல தோல் செருப்பு, கோலாப்பூரி. வாசலில் நின்றவர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, நேராகக் காலைப் பார்த்தார். "ஷூ இல்லாமல் உள்ளே விட முடியாது சார்." அன்று மேடையில் பாடவிருந்த பாட்டுகளில் இரண்டுக்கு வரி எழுதியவன் அவன். கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் டிரம்மர் அண்ணன் வெளியே வந்து, தன் பையில் இருந்த இன்னொரு ஜோடி ஷூவைக் கொடுத்தார். ஒரு சைஸ் பெரிது. அதை மாட்டிக்கொண்டு உள்ளே போவதற்குள் அவன் எழுதிய முதல் பாட்டு முடிந்துவிட்டது.

எனக்கு வயது 25. வேலை தரமணியில், வீடு பெரம்பூரில். வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுகிற பணமெல்லாம் மூன்று வருடமாக மூன்று விஷயத்துக்குத்தான் போகிறது: இண்டி என்று சொல்கிற, பெரிய கம்பெனி பின்னால் இல்லாத சின்னப் படங்கள், அதே மாதிரி சின்னக் குழுக்களின் கச்சேரிகள், அங்கே உடுத்திக்கொண்டு போகிற துணி. "சென்னைக்கு ரசனை போதாது, பெங்களூரைப் பார்" என்று நம் வட்டத்திலேயே பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ரசனை நிறைய இருக்கிறது. அது வந்து உட்கார இடம்தான் இல்லை. இருக்கிற இடத்தின் வாசல் குறுகல். உள்ளே போய்விட்டாலும் வீடு திரும்புவது பெரும்பாடு.

பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் கடையோடு ஒட்டின பார்களை விட்டால், தமிழ்நாட்டில் பார் உரிமம் ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். பெங்களூர் மாதிரி தெருமுனையில் ஒரு சின்ன பப் திறந்து, மூலையில் நாலு பேர் நின்று வாசிக்கிற அளவுக்கு ஒரு மேடை போட இங்கே வழி இல்லை. அதனால் ராத்திரி மேடை என்றாலே ஓட்டல். ஓட்டல் என்றால் உள்ளே போகவே கட்டுகிற கவர் சார்ஜ், ஜோடியாக வந்தால்தான் விடுகிற கப்பிள் என்ட்ரி, ஷூ. வயது 21 ஆகியிருக்க வேண்டும். புதுப் பாட்டைத் தேடித் தேடிக் கேட்கிற வயது 17, 18, 19. அவர்கள் எங்கே போவார்கள்?

படம். கூழாங்கல் 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் திரைவிழாவில் டைகர் விருது வாங்கியது. அன்றிலிருந்து அதைப் பார்க்கக் காத்திருந்தேன். எனக்குப் பார்க்கக் கிடைத்தது 2023 அக்டோபரில், ஓடிடியில். வெயிலில் ஒரு அப்பாவும் பையனும் நடக்கிற படம். அந்த வெயில் திரை முழுக்க விரிந்து நம் கண்ணைக் கூச வைக்க வேண்டும். நான் பார்த்தது 14 அங்குல லேப்டாப்பில், கட்டிலில் சாய்ந்துகொண்டு.

உடுப்பு. சனிக்கிழமை நான் போட்டிருந்தது கை இல்லாத கறுப்பு கவுன், மேலே அண்ணனுடைய பழைய கட்டம் போட்ட சட்டை. "சூப்பர் லேயரிங்" என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். அந்தச் சட்டை சென்ட்ரலில் கடைசி மின்சார ரயில் ஏறுவதற்காக. எங்கள் தெருமுனையில் ராத்திரி உட்கார்ந்திருக்கிற நாலு பேருக்காக. இந்த ஊரில் பெண்களின் ராத்திரி உடுப்பை முடிவு செய்வது திரும்பி வருகிற வழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றுக்கும் நோய் ஒன்று என்பது என் கட்சி. நீங்கள் சொல்லுங்கள்.

#2 நேர்_பேச்சு

எல்லாவற்றையும் வாசல் மேல் போடாதீர்கள் சகோ. கொட்டுக்காளி 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கே வந்ததே? சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி நடித்த படம், விளம்பரமும் இருந்தது. வாசல் திறந்துதான் இருந்தது. நான் பார்த்த காட்சியில் இடைவேளைக்கு அப்புறம் பாதிப் பேர் இல்லை. பின்னணி இசை இல்லாத படத்தை உட்கார்ந்து பார்க்கிற பொறுமை நமக்குப் பழகவில்லை. நேர்மையாகப் பேசினால் அதுவும் ரசனைதான்.

இசைக்கும் இதே கேள்வி. தியாகராய நகரில் இலவசமாக இண்டி கச்சேரி வைத்தால் கூட்டம் நிற்குமா, இல்லை "தளபதி பாட்டு ஒண்ணு போடுங்க" என்று குரல் வருமா?

#3 ஸ்னேர்_சத்தம்

அந்த ஷூ என்னுடையதுதான். மேடைக்கு வெளியே இருக்கிற கதையை உன்னை விட நான் அதிகம் பார்த்திருக்கிறேன் தங்கச்சி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஓட்டல்காரருக்கு நாங்கள் வாசிப்பது இசை இல்லை, மேசை நிரப்புகிற வழி. அதில் தப்பு சொல்ல மாட்டேன், அவர் கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கு எங்கள் பாட்டை என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொல்வார்கள். அதில் சொந்தப் பாட்டு நாலு, மீதி எல்லாரும் கூடப் பாடத் தெரிந்த பாட்டு. மாதம் ஒரு நிகழ்ச்சி கிடைத்தால் நாலு சொந்தப் பாட்டை மாதம் ஒரு தடவைதான் ஆள் முன்னால் வாசிக்கிறோம். ஒரு பாட்டு ஆள் முன்னால் ஐம்பது தடவை அடிபட்டால்தான் எங்கே தொய்கிறது, எங்கே கேட்பவர் தலை ஆட்டுகிறார் என்று தெரியும். எங்கள் பாட்டுகளுக்கு அந்த அடி கிடைப்பதில்லை. பெங்களூரில் கிடைக்கிறது. அங்கே போய் வாசித்துவிட்டு வருகிற ஒவ்வொரு முறையும் குழு ஒரு படி ஏறியிருப்பது எனக்கே தெரியும்.

வெட்டவெளியில் வைக்கலாமே என்பார்கள். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, 2000ஆம் வருட ஒலி மாசு விதி அது. மூடிய அரங்கம் என்றால் விலக்கு உண்டு. மூடிய அரங்கம் என்றால் வாடகை. சபாக்கள் இருக்கின்றன, மார்கழி ஒழிந்த மற்ற மாதங்களில் பல நாள் காலியாகவும் கிடக்கின்றன. டிரம்ஸ் என்றதும் முகம் மாறுகிறது.

நேர்_பேச்சுக்கு ஒரு பதில். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் மைதானம், கானாவும் ராப்பும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடுகிற காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி. 19 பேர் மேடையில். டோலக், சட்டி, பறை, அதோடு கிடார், ராப். சினிமாப் பாட்டு ஒன்று கூடக் கிடையாது. ஆயிரக்கணக்கில் கூட்டம். தரையில் உட்கார்ந்து கேட்டார்கள், எழுந்து ஆடினார்கள். யாரும் தளபதி பாட்டு கேட்கவில்லை. டிக்கெட் இல்லை, ஷூ பார்க்கிற ஆள் இல்லை. இதற்கு மேல் ரசனைக்கு என்ன சாட்சி வேண்டும்?

அன்றைக்கு உடுப்பும் பேசியது. கானா பாடுகிறவர்கள் கோட் சூட்டில் ஏறினார்கள். அம்பேத்கர் ஏன் கோட் போட்டார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த மேடை முதல் அடி விழுவதற்கு முன்பே தன் பாட்டைப் பாடிவிட்டது. எங்களை மாதிரி ஆட்கள் கறுப்பு டி-ஷர்ட்டோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் அவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

#4 டைம்லைன்

எடிட்டிங் உதவியாளர். படம் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நேர்_பேச்சு அண்ணா, "வாசல் திறந்திருந்தது" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். பின்னால் பெரிய பெயர் இருந்ததால் திறந்தது. இல்லாத படங்களின் கதை வேறு.

டிஜிட்டல் வந்தால் சின்னப் படத்துக்கு விடிவு என்று எல்லாரும் நம்பினோம். பிலிம் பிரிண்ட் செலவு போனது உண்மை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு திரைக்கும் விபிஎஃப் என்று ஒரு கட்டணம் வந்தது. தியேட்டருக்குள் புரொஜெக்டரும் சர்வரும் வைத்த நிறுவனங்கள் அந்தச் செலவை மீட்க வாங்குவது. கட்டுவது தயாரிப்பாளர். இதை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தமிழில் புதுப்படமே வெளியிடாமல் ஸ்ட்ரைக் செய்தார்கள். பெரிய படத்துக்கு இது சில்லறை. பத்து திரையில் ஒரு வாரம் ஓட நினைக்கிற படத்துக்கு இதுவே கழுத்தைப் பிடிக்கும்.

கட்டிவிட்டால் மட்டும் என்ன கிடைக்கிறது? நான் வேலை பார்த்த ஒரு படத்துக்குக் கிடைத்தது காலை பதினொன்றரை மணிக் காட்சி. திங்கள்கிழமை. நம் படம் பார்க்கிற ஆள் அப்போது ஆபீசில் இருக்கிறார். ஆள் வரவில்லை, செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சில் "ஆடியன்ஸ் ஏற்கவில்லை" என்று ஒரு வரி நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே ஒரு காட்சி, மூன்று வாரம், ஒரே திரை. அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு ஏற்கவில்லை என்று சொல்லட்டும்.

கோயம்புத்தூரில் எடுத்த நசீர் என்ற படம் 2020ல் ராட்டர்டாமில், ஆசியப் படங்களுக்குக் கொடுக்கிற நெட்பேக் விருது வாங்கியது. ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற ஒரு மனிதரின் ஒரு நாள். அந்த வருடம் ஜூனில் யூடியூபில் நடந்த உலகத் திரைவிழாவில் கொஞ்ச நேரம் காட்டினார்கள். வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பார்த்தேன். என் அப்பா ஜவுளிக்கடையில் 22 வருடம் நின்றவர். படம் முடிந்து ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அவருக்கு "இண்டி" என்ற சொல்லே தெரியாது.

#5 ஊசி_நூல்

நான் தைக்கிறவள். எழும்பூர்ப் பக்கம் சின்ன ஆல்டரேஷன் கடை. பறவை, உன் கவுன் துணி பாந்தியன் ரோட்டில் வாங்கினதா? இங்கே பாதிப் பெண்கள் அங்கே எடுத்துக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள். ஏற்றுமதியில் மிஞ்சின காட்டன், மீட்டர் கணக்கில். திருப்பூரில் மிஞ்சுகிற பனியன் துணியும் ஊருக்குள் வந்துவிடுகிறது. வெளிநாட்டு மாலில் பல ஆயிரம் போட்டு வாங்குகிற உடுப்பின் அதே துணியைக் கையில் பிடித்துப் பார்க்க இந்த ஊரில் வழி இருக்கிறது. அது பெரிய கொடுப்பினை. நம் பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்து பாலியஸ்டர் வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மே மாதம் சென்னையில் பாலியஸ்டர் போட்டுக்கொண்டு மூடின ஹாலில் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ராத்திரி உடுப்பு தைக்கக் கேட்டு வருகிறவர்கள் என்னிடம் சொல்கிற முதல் வார்த்தை கழுத்து அளவு இல்லை. "அக்கா, பாக்கெட் வேணும்." போனும் வீட்டுச் சாவியும் உடம்போடு இருக்க வேண்டும் என்று. இரண்டாவது, "மேலே ஏதாவது போட்டால் உள்ளே இருக்கிறது தெரியக் கூடாது." அதனால் முழங்கால் வரை வருகிற மெல்லிய கோட்டு மாதிரி ஒன்று தைத்துக் கொடுக்கிறேன். முன்னால் பட்டன், சுருட்டினால் கைப்பையில் அடங்கும். துப்பட்டா ஆட்டோ காற்றில் பறக்கும், இது பறக்காது. இதற்கு ஒரு பெயர் கூடக் கிடையாது. கடையில் "ரிட்டர்ன் கோட்டு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

வாசலில் ஆண்களுக்கு ஷூ பார்க்கிறார்கள். பெண்களுக்கு அதே வாசலில் கை இல்லாத உடுப்பு நல்லது, சுடிதார் என்றால் ஒரு பார்வை. அதே பெண்ணுக்குத் தெருவில் இது தலைகீழ். ஒரே ராத்திரியில் இரண்டு சட்டத்துக்கும் சேர்த்து ஒரு உடம்புக்குத் தைக்கிறேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் நான் தைத்ததிலேயே கஷ்டமான தையல் இதுதான்.

#6 வைகைக்கரை

மதுரையிலிருந்து ஒரு சொல். உங்கள் பேச்சில் "ராத்திரி வாழ்க்கை" என்றால் பார் என்றே ஓடுகிறது. எங்கள் ஊரில் ராத்திரி வாழ்க்கை என்றால் செகண்ட் ஷோ. ஒன்றரை மணிக்குப் படம் விட்டு, கொத்து பரோட்டா சத்தம் கேட்கிற கடையில் உட்கார்ந்து, இப்போதுதான் பார்த்த படத்தைக் கிழித்துத் தொங்கவிடுவோம். என் சினிமா அறிவெல்லாம் அந்த மேசையில் வந்தது. திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து, நாடகம். பாயோடு போய் உட்கார்ந்து கேட்ட சனம் நம் சனம். ராத்திரியில் கலை பார்ப்பது நமக்குப் புதுசே இல்லை.

இன்னொன்று. கூழாங்கல் எடுத்த நிலம் எங்கள் மேலூர்ப் பக்கம். மதுரையில் அதைப் பெரிய திரையில் பார்க்க எனக்கும் வாய்க்கவில்லை. பறவை லேப்டாப்பில் பார்த்தது போல நான் போனில் பார்த்தேன். பாறையும் முள்ளும் எனக்குத் தெரிந்த இடம் என்பதால் தாக்குப்பிடித்தேன்.

#7 நேர்_பேச்சு

டைம்லைன் சொன்ன திங்கள் காலைக் கணக்கு எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் என் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கீழ்ப்பாக்கம் உதாரணமும் சரி. ஆனால் பாதிப் பேர் எழுந்து போன காட்சியை நான் கண்ணால் பார்த்தேன். அதையும் இடத்தின் குறை என்று சொல்ல முடியுமா?

#8 பதினாறு_எம்எம்

எனக்கு வயது 67. எழுந்து போவது பற்றிச் சொல்கிறேன் தம்பி, அது பழக்கத்தில் மாறும், நானே சாட்சி.

1959ல் சத்யஜித் ராய் தலைவராக இருந்து திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடங்கியது. அதன் வேர் சென்னையிலும் ஓடியது. நான் வந்து சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். வருடச் சந்தா கட்டினால் போதும். புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தும் தூதரகங்களிலிருந்தும் தகர டப்பாவில் ரீல் வரும். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்ற விளக்குப் போடுவார்கள். முதல் மூன்று மாதம் நானும் பாதியில் எழுந்து டீக்கடைக்குப் போனவன்தான். நாலாவது மாதம் ஒரு ஹங்கேரியப் படம். ஒரு கிழவி கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வேறு எதுவும் நடக்கவில்லை. அன்று ஏனோ எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்புறம் எந்தப் படத்துக்கும் எழவில்லை.

என்னை மாற்றியது படங்கள் மட்டும் இல்லை. மாதத்தில் இரண்டு நாள், அதே ஹால், அதே முகங்கள், எழுந்து போனாலும் அடுத்த முறை "வாப்பா" என்று இடம் போட்டு வைக்கிற ஒரு மனிதர். இது இருந்தால் பொறுமை தானாக வரும். எங்கள் காலத்தில் குறையும் இருந்தது, மறைக்க மாட்டேன். நூறு பேரில் பெண்கள் ஐந்தாறு பேர். காட்சி முடிய ஒன்பதரை. அவர்கள் எப்படி வீட்டுக்குப் போனார்கள் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊசி_நூல் அம்மா எழுதியதைப் படித்தபோது அது உறுத்தியது.

#9 பெரம்பூர்ப்_பறவை

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

ஊசி_நூல் அக்கா, ஆமாம், பாந்தியன் ரோடுதான். மீட்டர் 120 ரூபாய். "ரிட்டர்ன் கோட்டு" எனக்கு ஒன்று வேண்டும், அடுத்த வாரம் வருகிறேன்.

உடுப்பு வாசலில் தடையாவது பற்றி ஒன்று சேர்க்கிறேன், இங்கே சின்னவர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே வேட்டி கட்டி வந்தார் என்று ஒரு கிரிக்கெட் கிளப்பில் உள்ளே விடவில்லை. அவர் போனது ஒரு புத்தக வெளியீட்டுக்கு. ஒரே மாதத்தில் சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ உடுத்தியதற்காகத் தடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் போகலாம். நல்ல சட்டம், எனக்குப் பெருமைதான். ஆனால் தடுக்கப்பட்டவர் நீதிபதி என்பதால் அது ஒரு மாதத்தில் வந்தது. செருப்போடு வருகிற பாட்டெழுதுகிறவனுக்கும், சுடிதாரில் வருகிற பெண்ணுக்கும், 19 வயதுப் பையனுக்கும் எந்த அவசரமும் யாருக்கும் இல்லை.

வைகைக்கரை அண்ணன் சொன்ன பரோட்டா மேசையை நினைத்து ஏங்குகிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019லேயே அரசாணை வந்துவிட்டது. ஆனாலும் கச்சேரி முடிந்து பத்தே முக்காலுக்கு நாங்கள் வெளியே வந்தால் உட்கார்ந்து பேச ஒரு டீக்கடை கிடைப்பதில்லை. மெட்ரோவின் கடைசி ரயில் பதினொரு மணி வாக்கில். கேட்ட பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறோம். நேர்_பேச்சு அண்ணா கேட்டாரே, எழுந்து போவதும் இடத்தின் குறையா என்று. படம் முடிந்து பேச ஒரு மேசை இருந்திருந்தால் நீங்களும் அந்தப் பாதிப் பேரும் கொட்டுக்காளியை எப்படிப் பார்த்திருப்பீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

#10 ஸ்னேர்_சத்தம்

தங்கச்சி, பேச்சு போதும் என்று தோன்றுகிறது. எங்கள் கிடார்காரர் வீடு அயனாவரத்தில். மொட்டை மாடி, நாற்பது பேர் உட்காரலாம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டாயிற்று, அவர்களும் வருகிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிக்கிறோம். ஆம்ப் சின்னது, டிரம்ஸுக்குப் பதில், மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி, கஹோன். சொந்தப் பாட்டு மட்டும், பன்னிரண்டு. இருட்டினதும் டைம்லைன் தம்பி ஒப்புக்கொண்டால் அவர்கள் குழு எடுத்த குறும்படம் ஒன்று.

#11 டைம்லைன்

ஒப்புக்கொண்டேன். 18 நிமிடம். புரொஜெக்டர் நான் கொண்டு வருகிறேன். வெள்ளை வேட்டி ஒன்று வேண்டும், எட்டு முழம், கஞ்சி போடாதது.

#12 பதினாறு_எம்எம்

வேட்டி என்னிடம் இருக்கிறது. மாடி ஏற எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், முதல் பாட்டைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்குங்கள்.

#13 நேர்_பேச்சு

நான் வரலாமா? எனக்கு அயனாவரம் தெரியாது. என்ன உடுத்தி வர வேண்டும்?

#14 பெரம்பூர்ப்_பறவை

வாங்க அண்ணா. நூர் ஹோட்டல் சிக்னலில் இறங்கி எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன். உங்களுக்குப் பிடித்ததை உடுத்தி வாருங்கள். செருப்பை மட்டும் கீழே மாடிப்படி பக்கத்தில் கழற்றிவிட வேண்டும், வீட்டுக்கார அம்மா இன்றுதான் மாடியைக் கழுவி விட்டிருக்கிறார்.